பறந்ததைப் பதிந்து வைத்தல்

சென்ற ஆண்டு மாரிக்காலத்தில் ஒருநாள், பாடசாலை விட்ட பின்னர், தரம் 11இல் பயிலும் மாணவர் இருவர் ஒரு வழக்கைத் தூக்கிக்கொண்டு என் அலுவலக அறைக்கு வந்தனர். அதிபராய் இருப்பவருக்கு வழக்குகள் புதியனவல்ல. பேனை களவு போன வழக்கு, நீர்க்குழாயடியில் தள்ளுண்ட வழக்கு, மரத்திலேறிக் கொய்யா பறித்த வழக்கு என நாளொன்றுக்கு இரண்டேனும் வந்து சேரும். இவ்வழக்கோ நிலத்தில் நடந்ததன்று, வானத்தில் நடந்தது. "சேர், நான் இவனுடைய விமானத்தின் வாலைச் சுட்டு விழுத்தினேன், இவன் இல்லை என்கிறான்" என்றான் ஒருவன். "என்மேல் ஒரு குண்டும் படவில்லை, சேர், நான் அதற்குள் திரும்பிவிட்டேன்" என்றான் மற்றவன்.

எமது பாடசாலை பதுளைக்கு அப்பால், தேயிலை மலைகளுக்கிடையே உள்ளது. பழைய மாணவர் சிலர் கொழும்பிலிருந்து அனுப்பிய ஆறு பழைய கணினிகள் எங்களிடம் உண்டு. அவற்றுள் இரண்டில், வான்போரைப் போலச் செய்து காட்டும் விளையாட்டு ஒன்றை மாணவர் நிறுவி, இரண்டையும் ஒரு கம்பியினால் இணைத்து, பாடநேரம் முடிந்தபின் ஒருவரோடொருவர் பொருதி வந்தனர். இவ்வகை மென்பொருளை ஆங்கிலத்தார் சிமுலேட்டர் என்பர். 'பாவனைப் பொறி' எனத் தமிழாக்குவாரும் உளர். ஆயின் நம் நாட்டுத் தமிழிற் பாவனை என்றால் உபயோகம் என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுமாதலால், நான் சிமுலேட்டர் என்றே சொல்லிச் செல்கிறேன்.

போரை விளையாட்டாக்குவதை நான் விரும்புகிறவன் அல்லன். 2009ஆம் ஆண்டு வரை இந்நாடு கண்ட போரை அறிந்தவர் எவரும் அதனை எளிதில் விரும்பார். ஆயினும் அன்று அவ்விருவரும் என் மேசைமீது வைத்த சான்றுகள் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தன.

முதலாமவன் தன் கணினித் திரையிற் கண்டதை அப்படியே ஒளிப்பதிவு செய்திருந்தான். பதிவைத் தொடக்கியதும் கணினி திணறிப்போய்ப் படம் விட்டு விட்டு ஓடியது. அவன் சுட்டதாகச் சொன்ன கணத்துக்குச் சற்று முன்பே முற்றாக நின்றுபோயிற்று. இரண்டாமவன் விளையாட்டுக்குள்ளேயே அமைந்த பதிவு வசதியைப் பயன்படுத்தியிருந்தான். அப்பதிவு தடையின்றி ஓடியது. ஆயின் அதில் அவன் விமானம், சண்டை தொடங்குவதற்கு முன்னரே, நேரே ஒரு மலையில் மோதிச் சிதறியது! "நான் மலையில் மோதவே இல்லை, சேர்" என்று அவன் அழாக்குறையாகச் சொன்னான். மற்றவனும் அதை ஒப்புக்கொண்டான். மோதியிருந்தால் அவர்களுக்குள் சண்டை ஏது?

ஒரு சான்று பாதியில் நின்றது. மற்றொரு சான்று நடவாததைக் காட்டியது. நான் கலைப் பட்டதாரி. கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆகவே எமது தகவல் தொழில்நுட்ப ஆசிரியரிடம் சில மாலைகள் மாணவனாய் அமர்ந்து கேட்டேன். அவ்வாறு கேட்டறிந்ததையும், பின்னர் படித்தறிந்ததையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

வானத்தில் நடந்ததற்குச் சாட்சி தேடும் தொல்லை கணினியோடு பிறந்ததன்று. 1940 செப்டெம்பர் 15ஆம் நாள் இங்கிலாந்தின் வானத்திற் பெரும் போர் நிகழ்ந்தது. அன்று 185 ஜேர்மனிய விமானங்களை வீழ்த்தினோம் என்று பிரித்தானியர் அறிவித்தனர். போர் ஓய்ந்தபின் ஜேர்மனியரின் ஏடுகளை எடுத்து ஒப்பிட்டபோது, அன்று அவர்கள் இழந்தவை ஏறக்குறைய 60 என்பது தெரியவந்தது. விமானிகள் பொய்யுரைத்தார்கள் என்று கொள்ளுதல் தவறு. ஒரே விமானத்தை மூவர் சுடுவர். மூவரும் தம் கணக்கில் ஒன்றைச் சேர்ப்பர். பகைவன் விசையை முழுதும் திறந்து புகை கக்கியவாறு முகிலுக்குள் பாய்வான்; பின்தொடர்ந்தவன் அதனை வீழ்ச்சி எனக் கருதுவான். உயிர் ஊசலாடும் சில வினாடிகளிற் கண் காண்பது ஒன்று, மனம் எழுதிக்கொள்வது மற்றொன்று.

நம் இலங்கையும் இதற்கு விலக்கன்று. 1942 ஏப்பிரல் 4ஆம் நாள் கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்திற் சென்ற கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், யப்பானியக் கடற்படை இத்தீவை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று காலை யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலை ஓடுபாதையாக மாற்றி அமைத்த தளத்திலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. யப்பானியர் உண்மையில் இழந்தவை ஏழு. பிரித்தானியர் வீழ்த்தியதாக அறிவித்ததோ அதன் இருமடங்குக்கு மேல். யப்பானியர் பக்கத்துக் கணக்கும் அவ்வாறே ஊதிப் பெருத்திருந்தது.

இத்தகைய பிழையைக் குறைக்கவே துப்பாக்கியோடு கமரா சேர்ந்தது. இதற்கொரு வேடிக்கையான முன்வரலாறு உண்டு. 1882இல் எதியேன் ழூல் மரே என்னும் பிரெஞ்சு அறிஞர் துப்பாக்கி வடிவிலேயே ஒரு கமராவை அமைத்தார். தோட்டாவுக்குப் பதில் ஒளிப்படத் தகடு. குதிரையை அழுத்தினால் ஒரு வினாடியில் 12 படங்கள். அவர் அதனாற் குறிவைத்தது பறவைகளை; பறவை எவ்வாறு சிறகடிக்கிறது என்று அறிவதே அவர் நோக்கம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர், லூயிஸ் துப்பாக்கியின் தோற்றத்திலேயே ஹைத் என்னும் கமராவைச் செய்து விமானிகளைப் பயிற்றினர். பயிற்சி பெறுபவன் 'சுட்டால்' படம் விழும். கீழிறங்கியபின் படத்தைக் கழுவிப் பார்த்து, குறி சரியா பிழையா என ஆசிரியர் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் ஜி45 என்ற பெயருடைய 16 மில்லிமீற்றர் சலனப்படக் கமராவைப் போர் விமானத்தின் இறக்கையிற் பொருத்தினர். துப்பாக்கி முழங்கும்போது கமராவும் ஓடும். ஆயின் அதுவும் நேர்முன்னே மட்டுமே பார்க்கும். சுடும்போது மட்டுமே பார்க்கும். அடிபட்ட விமானம் பின்னர் எங்கே சென்றது, எவ்வாறு திரும்பியது என்பதெல்லாம் அதன் கண்ணுக்கு அப்பாற்பட்டவை.

இனிச் சிமுலேட்டருக்கு வருவோம். அமெரிக்காவில் பிங்கம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தையார் தேவாலயங்களுக்கும் திரையரங்குகளுக்கும் ஓகன் என்னும் காற்றிசைக் கருவிகளைச் செய்து விற்றார். அந்த இசைக்கருவிகளிற் காற்றை ஊதும் துருத்திகளைக் கொண்டே மகன் 1929இல் ஒரு போலி விமானத்தை உருவாக்கினார். அது தரையைவிட்டு எழாது. ஆனால் உள்ளே அமர்ந்தவன் கைப்பிடியை அசைத்தால் உண்மை விமானம்போற் சாயும், திரும்பும், மூக்கை உயர்த்தும். தொடக்கத்தில் இதனைக் கேளிக்கைப் பூங்காக்களில் வைத்தார்கள். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள், மூட்டத்தில் தபால் சுமந்து பறந்து பலர் மாண்டபின், இராணுவம் ஆறு பொறிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 10,000க்கு மேற்பட்ட பொறிகள் செய்யப்பட்டன.

அப்பொறியில் என்னைக் கவர்ந்தது ஓர் உபகரணம். ஆசிரியரின் மேசைமேல் நிலப்படம் விரித்திருக்கும். அதன்மீது மூன்று சிறு சக்கரங்களில் ஒரு கருவி ஊர்ந்து செல்லும்; பெயர் 'நண்டு'. மாணவன் பொறிக்குள் எத்திசையிற் பறக்கிறானோ அத்திசையில் நண்டும் நகர்ந்து, மையினாற் கோடு இழுத்துக்கொண்டே போகும். பயிற்சி முடிந்ததும் மாணவன் வெளியே வந்து, தான் எங்கே வழி தவறினான் என்பதை அம்மைக்கோட்டிற் காண்பான். நேயர்களே, இன்றைய சிமுலேட்டர்களின் பதிவு வசதிக்கு மூத்த பாட்டன் இந்த நண்டுதான். அது படம் பிடிக்கவில்லை. விமானம் இருந்த இடத்தை மட்டும் குறித்து வைத்தது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள்.

கணினியிற் பறந்ததைப் பதிவு செய்ய இன்று மூன்று வழிகள் உள. முதலாவது, திரையிற் தோன்றும் காட்சியையே படமாகப் பிடித்தல். இரண்டாவது, விமானி கைப்பிடியை எப்போது எவ்வளவு அசைத்தான், எந்தப் பொத்தானை அழுத்தினான் என்பதை மட்டும் எழுதி வைத்து, பின்னர் அதே கட்டளைகளைக் கணினிக்கு மீண்டும் கொடுத்து, பறப்பை மறுபடியும் நடத்திக் காட்டல். மூன்றாவது, நண்டின் வழி. ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு கணத்திலும் எங்கே, எத்திசை நோக்கி, எவ்வளவு சாய்ந்து இருந்தது என்று குறித்தல்.

எமது தோட்டங்களில் மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அக்கூத்தை ஒருவர் பதிவு செய்ய விரும்பினால், கமராவை வைத்து விடிய விடியப் படமெடுக்கலாம். அது முதல் வழி. அல்லது பாட்டையும் தாளத்தையும் அடைவையும் ஏட்டில் எழுதி, அடுத்த ஆண்டு அதே ஆட்டக்காரரைக்கொண்டு ஆடுவிக்கலாம். அது இரண்டாம் வழி. அல்லது ஒரு மரத்தின்மீதேறி, ரதி எங்கே நின்றாள், மன்மதன் எங்கே நின்றான், தப்புக்காரர் எங்கே நின்றனர் என்று நிமிடந்தோறும் குறித்துக்கொள்ளலாம். அது மூன்றாம் வழி.

முதல் வழியின் குறை அதன் பாரம். இன்றைய சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 எனப் படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல மூன்று பைட்டு வேண்டும். ஆகவே ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டு. வினாடிக்கு 30 சட்டகம் என்றால் 18 கோடியே 66 இலட்சம் பைட்டு. ஒரு மணிநேரத்துக்குக் கணக்கிட்டால் 670 கிகாபைட்டையும் தாண்டும். எமது பாடசாலையின் ஆறு கணினிகளின் வன்தட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இரண்டு மூன்று மாலைப்பொழுதுகளுக்கு மேற் கொள்ளாது. ஆகவே படத்தைச் சுருக்குகிறார்கள். முந்திய சட்டகத்திலிருந்து மாறாத பகுதியை மீண்டும் எழுதாது, மாறியதை மட்டும் எழுதுவது சுருக்கத்தின் அடிப்படை. 2003இல் வெளிவந்த எச்.264 என்னும் முறையாற் சுருக்கினால், பார்க்கத்தக்க படம் மணிக்கு மூன்று நான்கு கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆயின் சுருக்குவதும் ஒரு வேலை. விமானத்தின் இயக்கத்தைக் கணிப்பது, மலையையும் முகிலையும் வரைவது, அதற்குமேல் வரைந்ததைச் சுருக்குவது ஆகிய மூன்றையும் ஒரே மூளை செய்யவேண்டுமாயின் அது திணறாமல் என் செய்யும்? நம் முதலாவது மாணவனின் கணினிக்கு நேர்ந்தது அதுவே. 2011, 2012 முதலாகக் கணினியின் மையச் செயலியிலும் கிராபிக்ஸ் அட்டையிலும் படத்தைச் சுருக்குவதற்கென்றே தனி உறுப்பு ஒன்றை அமைத்து வருகிறார்கள். சமையலுக்கு ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர் என்பதுபோல. எமது கணினிகள் அதற்கு முற்பட்டவை.

இரண்டாம் வழி மிக இலேசானது. கைப்பிடியின் அசைவை வினாடிக்கு 60 முறை எழுதினாலும், ஒரு முறைக்குப் பன்னிரண்டு பைட்டு என வைத்துக்கொள்ள, மணிக்கு 26 இலட்சம் பைட்டு அளவே ஆகும். படத்தின் பாரம் யானை என்றால் இது எறும்பு. ஆனால் இங்கேதான் அந்த மலை மோதல் ஒளிந்திருக்கிறது.

1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ், காற்றின் போக்கைக் கணினியிற் கணித்துக்கொண்டிருந்தார். ஒரு கணக்கை நடுவிலிருந்து மீண்டும் ஓட்ட விரும்பி, முன்பு அச்சிட்டிருந்த 0.506 என்னும் எண்ணைக் கொடுத்தார். கணினி உள்ளே வைத்திருந்த எண்ணோ 0.506127. ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த வேறுபாடு. சற்றுத் தூரம் இரண்டு கணக்கும் கைகோத்துச் சென்றன. பின்பு மெல்லப் பிரிந்தன. முடிவில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரு வானிலைகள் ஆயின.

சிமுலேட்டரிலும் அதுவே நிகழ்கிறது. எமது விளையாட்டு, விமானத்தின் இயக்கத்தைச் சம இடைவெளியிற் கணிக்கவில்லை. கணினிக்கு எப்போது ஓய்வு கிடைத்ததோ அப்போது ஒரு படி கணித்தது. பறந்த அன்று கணினி திணறியதனாற் படிகள் நீண்டிருந்தன. பதிவை மீள ஓட்டியபோது திணறல் குறைந்து படிகள் சுருங்கின. அதே கைப்பிடி அசைவு. ஆனால் விமானம் ஒரு முழம் விலகியது, பின்பு ஒரு பாகம் விலகியது, ஐந்தாவது நிமிடத்தில் மலைக்கு மேலே சென்றிருக்கவேண்டியது மலைக்குள்ளே சென்றது. கூத்து ஏட்டில் ஒரு பிழையுமில்லை, மத்தளக்காரர் மாறிவிட்டார்.

இன்னொரு இடரும் உண்டு. மென்பொருளை ஆக்கியோர் சில மாதங்களுக்கு ஒருமுறை அதனைத் திருத்தி வெளியிடுவர். விமானத்தின் எடையையோ இயந்திரத்தின் வலுவையோ சிறிதளவு மாற்றினாலும் பழைய பதிவுகள் யாவும் பாழ். டிசிஎஸ் வேர்ல்ட் போன்ற சிமுலேட்டரில் இவ்வழியிற் பதிந்து வைப்போர், புதிய பதிப்பு வந்ததும் தம் பழைய பறப்பு ஓடுபாதையிலேயே புரண்டு கிடப்பதைக் கண்டு நொந்துகொள்வது உலகறிந்தது.

இதற்குச் செய்யவேண்டிய திருத்தம் கடினமானதன்று. விமானத்தின் இயக்கத்தை, கணினி விரைந்தாலும் தளர்ந்தாலும், வினாடிக்கு 60 அல்லது 100 என மாறாத படியில் மட்டுமே கணித்தல் வேண்டும். தற்செயலாக நிகழ்வனபோற் காட்டப்படுபவற்றுக்கு, குண்டு சிறிது சிதறுவது, காற்று திடீரென வீசுவது ஆகியவற்றுக்கு, ஒரு தொடக்க எண்ணிலிருந்து வரிசையாகப் பெறப்படும் எண்களே அடிப்படை. அத்தொடக்க எண்ணையும் பதிவோடு எழுதி வைத்தல் வேண்டும். எந்தப் பதிப்பிற் பறந்தது என்பதையும் தலைப்பிற் குறித்தல் வேண்டும். இவ்வளவையும் செய்தாலும் முழு நம்பிக்கை கொள்ளாமல், இரண்டாம் வழியோடு மூன்றாம் வழியையும் இணைத்துவிட வேண்டும் என்றார் எமது ஆசிரியர். அதைத்தான் நான் மிக ஏற்புடையதாகக் காண்கிறேன்.

பதுளையிற் புகையிரதம் ஏறுகிறோம். ஹாலி எல, உடுவரை, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை என்று வண்டி ஏறிச் செல்கிறது. இடையில் எங்கோ ஒரு வளைவில் நிகழ்ந்ததைக் காண விரும்புகிறவர், கட்டளைகளை மட்டும் கொண்ட பதிவை வைத்திருந்தாராயின், ஒவ்வொரு முறையும் பதுளையிலிருந்தே புறப்பட்டாக வேண்டும். பின்னோக்கி நகரவும் இயலாது. ஒரு மணிநேரப் பறப்பின் 52ஆவது நிமிடத்தைக் காண்பதற்கு 51 நிமிடம் காத்திருக்கும் கொடுமை இதுதான். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிலையம் அமைத்து, அந்நிலையத்தில் ஒவ்வொரு விமானத்தின் இடம், விசை, சாய்வு, எஞ்சிய எரிபொருள், எஞ்சிய தோட்டா அனைத்தையும் முழுமையாக எழுதி வைத்தால் என்ன? வேண்டிய இடத்துக்கு அண்மையில் உள்ள நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். விலகல் நேர்ந்தாலும் அது அரை நிமிடத்துக்கு மேல் வளராது; அடுத்த நிலையத்தில் வண்டி மறுபடியும் தண்டவாளத்துக்கு வந்துவிடும்.

மூன்றாம் வழி தனித்தும் பயன்படுகிறது. 1998இல் வெளிவந்த பால்கன் 4.0 என்னும் சிமுலேட்டரில், அமெரிக்க விமானப்படையினர் பயிற்சி வெளிகளிற் பயன்படுத்திய முறையைப் பின்பற்றி, சண்டை முடிந்தபின் விமானங்களின் பாதைகளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டும் வசதி இருந்தது. பின்னாளில் வந்த டக்வியூ என்னும் மென்பொருள் பல சிமுலேட்டர்களின் பறப்புகளை அவ்வாறே வரைந்து காட்டுகிறது. இருபது விமானங்களை வினாடிக்குப் பத்துமுறை, முறைக்கு 40 பைட்டாகக் குறித்தால், மணிக்கு 3 கோடி பைட்டுக்கும் குறைவு. எமது பழைய கணினிக்கும் அது பாரமாகாது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். பதிவு இலேசாய் இருந்தால், அழகான ஒளிப்படம் பின்னர் நிதானமாகச் செய்துகொள்ளப்படலாம். பறக்கும்போது படம் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை. பதிவை மீள நடத்தும்போது கணினிக்கு அவசரம் ஏது? ஒரு சட்டகத்தை வரைவதற்கு ஒரு முழு வினாடி எடுத்துக்கொள்ளட்டும். பின்பு அச்சட்டகங்களை வரிசையாய் அடுக்கி வினாடிக்கு முப்பதாக ஓட்டினால், விலையுயர்ந்த கணினியிற் பிடித்ததுபோன்ற படம் கிடைக்கும். ஒரு நிமிடப் படத்துக்கு 1,800 சட்டகம். 1,800 வினாடி, அதாவது அரைமணி. மாலையில் வேலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் விடிவதற்குள் இருபது நிமிடப் படமேனும் ஆயத்தமாகிவிடும். வறிய பாடசாலைக்கு இதனினும் உகந்த வசதி வேறில்லை. எல்லாச் சிமுலேட்டர்களும் இதனைத் தருவதில்லை என்பது வருந்தத்தக்கது. செல்வர் கணினியை மனத்திற் கொண்டே இவற்றை ஆக்குகிறார்கள் போலும்.

இன்னொரு வேண்டுகோள். பதிவு செய்யும் பொத்தானைப் பறப்பவன் நினைவோடு அழுத்த வேண்டும் என்று வைத்திருப்பது பெருங்குறை. குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி நடக்கப்போகிறது என்று எவர் முன்னறிவார்? இதற்கு விடை கண்டவர் அவுஸ்திரேலியரான டேவிட் வொரன். 1934இல் விமான விபத்திலே தந்தையை இழந்தவர் அவர். 1950களில் கொமெற் விமானங்கள் விழுந்த காரணத்தை ஆராய்வோருள் ஒருவராய் இருந்தபோது, விமானியின் பேச்சையும் கருவிகளின் அளவையும் ஓயாமற் பதியும் பெட்டி ஒன்றை அவர் எண்ணினார். மெல்லிய உருக்குக் கம்பியிற் காந்தமுறையிற் பதிவு. ஏறத்தாழ நான்கு மணிநேரம் நிரம்பியதும், பழையதை அழித்துக்கொண்டே புதியது எழுதப்படும். இன்று கறுப்புப் பெட்டி என்கிறோம், நிறமென்னவோ செம்மஞ்சள். கணினியிலும் இதனைச் செய்யலாம். கடைசி இருபது நிமிடம் எப்போதும் நினைவகத்தில் சுழன்றுகொண்டிருக்கட்டும். வியத்தகு நிகழ்ச்சி நடந்தபின் பொத்தானை அழுத்தினால், நடந்ததை வன்தட்டில் எழுதி வைக்கட்டும். சில கிராபிக்ஸ் அட்டைகள் 2013 முதல் இவ்வசதியைத் தருகின்றன. சிமுலேட்டருக்குள்ளேயே, இலேசான மூன்றாம் வழியில் இது அமைந்திருந்தால் எந்தப் பழைய கணினியும் அதனைத் தாங்கும்.

சரி, வழக்கு என்னாயிற்று?

ஆசிரியர் ஒருநாள் இரண்டு கணினிகளிலும் நிலைக்குறிப்பு எழுதும் சிறு மென்பொருள் ஒன்றை நிறுவி, இருவரையும் மீண்டும் பொருதச் செய்தார். மீண்டும் அதே வழக்கு எழுந்தது; ஒருவன் பட்டது என்றான், மற்றவன் படவில்லை என்றான். இரு குறிப்புகளையும் ஒரே நிலப்படத்தில் விரித்தார். முதலாவது கணினியின் குறிப்பில், குண்டு வாலிற் பட்டிருந்தது. இரண்டாவதன் குறிப்பில், விமானம் அந்தக் கணத்தில் அவ்விடத்தில் இல்லை, திரும்பிவிட்டிருந்தது. இருவருமே தாம் கண்டதைச் சொல்லியிருந்தனர்.

எவ்வாறு? ஒரு கணினி மற்றதற்கு, 'என் விமானம் இங்கே இருக்கிறது' என வினாடிக்குப் பத்துமுறைதான் சொல்லி வந்தது. மணிக்கு 540 கிலோமீற்றர் விசையிற் பறக்கும் விமானம் வினாடிக்கு 150 மீற்றர் செல்லும். பத்தில் ஒரு வினாடியில் 15 மீற்றர். ஹரிக்கேன் விமானத்தின் இறக்கை முனையிலிருந்து முனைவரை ஏறத்தாழ 12 மீற்றரே. ஆகவே சுட்டவன் கண்டது, விமானம் சற்றுமுன் இருந்த இடத்தை. சுடப்பட்டவன் இருந்தது, அதன் முழு அகலத்துக்கும் அப்பால். வெளியூரிலுள்ளவரோடு இணையத்தின் வழியே பொருதும்போது இந்த இடைவெளி இன்னும் பெருகும்.

'பட்டது' என்று தீர்ப்பளிப்பது எந்தக் கணினி? எமது விளையாட்டில், ஆட்டத்தைத் தொடக்கிய கணினி, அதாவது முதலாமவனுடையது. ஆகவே அவன் கண்டதே சட்டமாயிற்று. இரண்டாமவனுக்கு அக்கணக்கைப் பார்க்கும் வழியே இருக்கவில்லை. நல்ல பதிவு வசதி எனின், தீர்ப்பளித்த கணினி எதைக் கண்டு தீர்ப்பளித்தது என்பதும், ஒவ்வொருவர் கணினியும் எதைக் கண்டது என்பதும், மூன்றும் ஒரே நேரக்கோட்டில் அருகருகே நிற்கவேண்டும். தீர்ப்புக் குறிப்பு இருதரத்தார் கைக்கும் எட்டவேண்டும். ஒளிப்பதிவின் தெளிவை உயர்த்துவது, நிறத்தை மெருகூட்டுவது என்று ஆக்கியோர் காட்டும் அக்கறையிற் பாதியை இதிற் காட்டினாற் போதும்.

இதனை ஆசிரியர் விளக்கியபோது, வழக்கிற் தோற்றவன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்பு, "கொழுந்து நிறுக்கிற மாதிரித்தான், சேர்" என்றான்.

அவன் தாயார் கொழுந்தெடுப்பவர். தோட்டத்து வாழ்வை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. மலையிற் கொழுந்தெடுத்து வருபவர் அதனைத் தராசில் நிறுத்துக் கொடுப்பார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு எனக் கழிவு போக எஞ்சிய கிலோ, நிறுப்பவரின் ஏட்டில் ஏறும். தோட்டம் விதித்த நிறை வந்தால் அன்று முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். மாத முடிவிற் சம்பளம் அந்த ஏட்டின்படியே. எடுத்தவருக்குத் தம் கையும் தலைச்சுமையும் ஒரு கணக்குச் சொல்லும். ஏடு வேறொரு கணக்குச் சொல்லும். சில வேளை ஏடே சரியாய் இருக்கும். பத்து மணி வெயிலிற் சுமந்தவருக்கு எட்டுக் கிலோவும் பத்தாகத் தோன்றும். சில வேளை அவ்வாறன்று. எதுவாயினும், ஏடு ஒரு பக்கத்திலேயே இருக்கிறது.

அவன் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில வாரங்களுக்குப் பின், அப்பியாசக் கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கங்களில் அவன் கோடு கிழித்துத் திகதியும் எண்களும் எழுதி வருவதைக் கண்டேன். காலை நிறை, பகல் நிறை, மாலை நிறை என மூன்று நிரல். தாய் மலையிலிருந்து வந்ததும் கேட்டு எழுதிக்கொள்கிறானாம்.

வான்போர் விளையாட்டு இன்னும் ஓய்ந்தபாடில்லை. தியத்தலாவையில் விமானப்படையினர் தரைப் பயிற்சி பெறும் பாடசாலை இருப்பதனாலோ என்னவோ, இப்பகுதிப் பிள்ளைகளுக்கு விமானத்தின்மேல் ஒரு மோகம். இப்போது இருவரும் சண்டையை விடுத்து, நமுனுகுலை மலையைச் சுற்றிப் பறந்து இறங்குவதைப் பதிந்து, இரவு முழுதும் கணினியை ஓடவிட்டு ஒளிப்படமாக்கி வருகிறார்கள். நமுனுகுலையின் உருவத்தைத் தாங்களே வரைந்து சேர்த்திருக்கிறார்கள். முடி சற்றுக் கூர்மையாகிவிட்டது, திருத்தச் சொல்லியிருக்கிறேன். இரு இரவுகள் மின்சாரம் நின்று வேலை பாதியிற் போயிற்று. அதன்பின் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனிக் கோப்பாக எழுதுமாறு ஆசிரியர் மாற்றி அமைத்தார். மின்சாரம் மீண்டதும் விட்ட சட்டகத்திலிருந்து வேலை தொடர்கிறது. ஆயின் தனித்தனிக் கோப்பு இடத்தை விழுங்குகிறது. வன்தட்டு நிறைந்துவிட்டது என்று சென்ற கிழமை இருவரும் மறுபடியும் என் அறைக்கு வந்தனர். புதிதொன்று வாங்கும் கோரிக்கையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.